பாய் தைப்பவள் கட்டிய செந்நூல்

கடல் தன் எல்லையில் நிற்க. கரையில் வாழ்வோர் பசியறியாது இருக்க. செங்கரை நாட்டு அரியணையில் அமர்ந்த திருக்கோதை மாதேவி, மாடவெளி அரண்மனையிலிருந்து, நம் முப்பத்தாறு போர்க்கலங்களுக்கும் அவற்றிலுள்ள மூவாயிரம் வீரர்க்கும் தலைவரும், நம் தந்தையார் நாள்தொட்டு இவ்வரசின் வலக்கையாய் நின்றவரும், ஏனாதிப் பட்டம் பூண்டவருமாகிய தத்தன் விடங்கர்க்கு விடுக்கும் ஓலை. நாம் நலம். உம் நலமும் உம் வீரர் நலமும் விழைகிறோம்.

இவ்வோலை வரும்போது நீர் பாலித்துறையில் இருந்தால் நங்கூரத்தை எடுக்கவேண்டாம். நடுக்கடலில் இருந்தால் பாய்களை இறக்கச் சொல்லிவிட்டு மேலே படியும். கொன்றைத் தீவின் கரை கண்ணில் பட்டிருந்தாலும் இதுவே ஆணை. காரணம் சற்று நீளம். படித்து முடிக்கும்வரை ஒரு தீப்பந்தமும் கொளுத்தப்படலாகாது.

குதிரைகள் ஏற்றிவந்த நம் ஏழு மரக்கலங்கள் அத்தீவின் தென்பாறைகளில் மோதி உடைந்ததும், நூற்றுப்பன்னிருவர் மாண்டதும், அவருள் நம் தம்பி இளங்கண்டனும் ஒருவன் என்பதும் நீர் அறிந்தவை. அவன் உடல் கிடைக்கவில்லை. மோதிரம் மட்டும் வந்தது. தீவார் தம் மலைவிளக்கை அணைத்துக் கலங்களைப் பாறைக்கு இழுத்தனர் என்றும், அத்தீவை எரிக்கவேண்டும் என்றும் பேச்சு எழுந்தது. தீவில் இருப்போர் தொள்ளாயிரம் பேர்.

போர், வரி, அணை என்று பலர் தலையில் விடியும் காரியம் எதுவாயினும் நாற்பது நாள் பாலித்துறை வாதப்பந்தலில் தொங்கவேண்டும் என்பது நம் தந்தையார் வைத்த முறை. நடுக்கயிற்றில் கேள்வி தொங்கும். ஓர் ஓலைக்கு ஒரு கருத்து. அதைத் தாங்கும் காரணத்தை வெண்ணூலால் அதன் கீழே கட்டலாம். மறுக்கும் காரணத்தைச் செந்நூலால் கட்டலாம். அக்காரணத்துக்கும் கீழே இன்னொரு காரணம் வரலாம், அதற்கும் ஒரு மறுப்பு வரலாம். வணிகர், வலைஞர், வழிப்போக்கர் எவரும் கட்டலாம். பெயர் எழுதினால் போதும். கூட்டத்தில் குரல் எழுப்பத் தெரியாதவரும் அங்கே பேச முடிகிறது. எந்த ஓலை எந்த ஓலையைப் பற்றித் தொங்குகிறது என்பதை நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது.

கேள்வி கட்டப்பட்ட மூன்றாம் நாள் நாமும் ஓர் ஓலை எழுதி அனுப்பினோம். “கொன்றைத் தீவார் மலைவிளக்கை வேண்டுமென்றே அணைத்தனர், அதனாலேயே ஏழு கலங்களும் உடைந்தன” என்பது அதன் வாசகம். சேதி கொண்டுவந்தவன், விளக்கு தெரியவில்லையாம் என்று சொன்னது நம் காதில் விழுந்திருந்தது. அவன் கண்டு சொன்னானா, கேட்டுச் சொன்னானா என்று நாம் விசாரிக்கவில்லை. மோதிரம் அப்போது நம் கையில் இருந்தது. எழுதினோம், அரச முத்திரை வைத்தோம், அனுப்பினோம்.

நாற்பதாம் நாள் உம் விண்ணப்பம் வந்தது. படை செல்லவேண்டும் என்பதற்கு முப்பத்தெட்டு வெண்ணூல், வேண்டாம் என்பதற்கு இருபத்திரண்டு செந்நூல், அரசியார் ஓலைக்கு மறுப்பாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர். இறுதியில் ஒரு வரி இருந்தது: முத்திரையை அவமதித்த பாய் தைக்கும் பெண்ணொருத்தி சிறையில் வைக்கப்பட்டாள். அந்த வரியை நாம் படித்தோம். படித்துவிட்டு அடுத்த ஓலையை எடுத்தோம். படை செல்ல இசைவும் தந்தோம். இது நடந்து நான்கு நாளாகிறது.

நேற்று உச்சிப்பொழுதில் பந்தல் காப்போன் எயினனின் ஆள் ஒரு துணிச்சுருளோடு வந்தான். பந்தலில் உள்ள ஓலைகளையும் நூல்களையும் அப்படியே துணியில் வரைந்து எயினன் அனுப்பியிருக்கிறான். எண்ணிக்கையை மட்டும் கேட்டிருந்த நாம் அதன் உருவத்தை நேற்றுதான் கண்டோம். தரையில் விரித்துவைத்து, ஒவ்வொரு வெண்ணூலாக விரலால் தொட்டுப் போனோம். தீவார் வஞ்சகர் என்றது ஒன்று. ஏன் வஞ்சகர் எனின் விளக்கை அணைத்தனர். இன்று விட்டால் நாளையும் செய்வார்கள் என்றது ஒன்று. எதைச் செய்வார்கள் எனின் விளக்கை அணைப்பார்கள். இறந்தோர்க்கு நீதி வேண்டும் என்றது ஒன்று. அதுவும் அங்கேதான் வந்து நின்றது. முப்பத்தெட்டில் முப்பத்துமூன்று நூல்கள் நம் ஓர் ஓலையில் வந்து முடிகின்றன. நம் ஓலைக்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறும் துணி.

எஞ்சிய ஐந்தையும் பார்த்தோம். தீவார் கருவாட்டில் மணலைக் கலக்கிறார்கள் என்று ஒருவர் கட்டியிருக்கிறார். அதன் கீழே இன்னொருவர் செந்நூலில், உதறி வாங்கு என்று பதில் கட்டியிருக்கிறார். மற்ற நான்கும் இந்தத் தரத்தினவே. இவற்றுக்காக ஒரு தீவை எரிக்க முடியாது.

நாற்பது நாளில் நம் ஓலையை ஒருவர் கூடவா கேள்வி கேட்கவில்லை என்று எயினனின் ஆளை வினவினோம். அவன், பந்தலுக்கு வருவோர் நம் முத்திரையைக் கண்டதும் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு வணங்கிவிட்டுச் சுற்றிப் போவதாகவும், பத்தாம் நாள் ஒருவர் அதன் கீழே அகல் ஏற்றிவைத்ததாகவும், பிறகு மாலை போடும் வழக்கமும் தொடங்கிவிட்டதாகவும் கூறினான். நாம் வாதத்துக்கு வைத்த ஓலையை நம் குடிகள் கும்பிட்டிருக்கிறார்கள். அந்த அமைதியை நீர் இசைவு என்று எழுதினீர். நாமும் இசைவு என்றே படித்தோம்.

துணிச்சுருளுக்குள் ஓர் ஓலையும் இருந்தது. செந்நூல் இன்னும் அதில் இருக்கிறது. பாதியில் வாளால் அறுபட்டிருக்கிறது. முப்பத்தெட்டாம் நாள் உம் காவலர் அறுத்துக் கீழே போட்டதை எயினன் எடுத்து வைத்திருக்கிறான். கட்டியவள் பாய் தைக்கும் பரவை. வாசகம் இது: “கரை ஒதுங்கிய ஐந்து பாயும் தைக்க என்னிடம் வந்தன. நான்கு பாய் சுருட்டி, நங்கூரம் போட்டபின் கட்டும் கட்டோடு இருந்தன. கட்டு உப்பேறி இறுகியதால் கத்தியால் அறுத்தேன். நின்ற கப்பல் விளக்கைத் தேடாது.”

நமக்குக் கடல் தெரியாது. ஆகவே கலம் செலுத்தி ஓய்வுபெற்ற மீகாமர் இருவரைத் தனித்தனியே அழைத்துக் கேட்டோம். இருவரும் ஒன்றே கூறினர். காற்று மீறும் அறிகுறி கண்டால் வெளிச்சம் இருக்கும்போதே தீவின் தென்புறம் ஒதுங்கி, நங்கூரமிட்டுப் பாயைச் சுருட்டிக் கட்டுவது வழக்கம். நங்கூரக் கயிறு அறுந்தால் கலம் நேரே பாறைக்குத்தான் போகும். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் அதில் மாற்றம் இல்லை. விளக்கு அன்று எரிந்ததா என்பது நமக்கு இன்னும் தெரியாது. அது எரிந்ததா என்பதே இவ்வழக்கில் பொருட்டில்லாமல் போகலாம் என்பது இப்போது தெரிகிறது.

பரவையை நீர் விசாரித்தபோது நடந்த பேச்சையும் எயினன் சொல்லுக்குச் சொல் எழுதியிருக்கிறான். யாருடைய ஓலையில் நூல் கட்டினாய் என்று அறிவாயா என நீர் கேட்டிருக்கிறீர்.

“தெரியும் ஐயா, முத்திரையப் பாத்துட்டுத்தான் கட்டினேன். அரசியம்மா பாயைப் பாக்கலை, நான் பாத்தேன். பாத்தவ வாயை மூடிக்கிட்டா அப்புறம் பந்தல் எதுக்கு?” என்றாளாம்.

பாய் தைப்பவள் ஊசியைப் பார்த்தால் போதும் என்று நீர் கூறியிருக்கிறீர்.

“ஊசியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பாயை அனுப்பிவெச்சது நீங்கதானே” என்றாளாம்.

சுற்றியிருந்தோர் சிரித்தனராம். முத்திரைக்கு நேர்ந்த அவமதிப்பைவிட அந்தச் சிரிப்பே அவளைச் சிறைக்கு அனுப்பியது என்று நாம் கருதுகிறோம். இல்லையெனின் மறுத்து எழுதும், நாம் படிப்போம்.

ஏனாதியாரே, உம்மேல் மட்டும் பழி சுமத்த இதை எழுதவில்லை. பொய்யை முதலில் தொங்கவிட்டது நாம். பொய் என்றுகூட இன்னும் துணிய முடியாது. அறியாததை அறிந்ததுபோல் எழுதினோம், அவ்வளவே. தம்பி போனான் என்பது மெய். அந்த மெய்யைக் கொண்டு வேறொன்றை மெய்யாக்கப் பார்த்தோம். இப்போது முப்பத்தாறு கலங்கள் அதன்மேல் ஏறிக் கிளம்பியிருக்கின்றன.

ஆகவே செய்யவேண்டியவை. கலங்கள் அனைத்தும் பாலித்துறைக்குத் திரும்பட்டும். பரவையை நீரே சென்று விடுவியும், ஆளை அனுப்பவேண்டாம். இவ்வோலையோடு வரும் அவளது ஓலையைப் புதிய செந்நூலில், முன்பு இருந்த இடத்திலேயே, பலர் பார்க்க உம் கையால் கட்டும். ஐந்து பாய்களையும் அவள் அறுத்தெடுத்த கட்டுகளையும் பந்தலில் வைத்து, நம் மாலுமிகளும் தீவின் மாலுமிகளும் வந்து காண விடும். அக்கட்டுகள் கலம் உடைந்தபின் போடப்பட்டவை என்று காட்டவல்லார் இருந்தால் அவரும் எழுதிக் கட்டட்டும். அது நீராயின் உம் பெயரிட்டுக் கட்டும். அகலையும் மாலையையும் அகற்றிவிடும். இன்னும் நாற்பது நாள் கழியட்டும்.

நம் பழைய ஓலையை எரித்துவிடலாம் என்று அமைச்சர் கூறினார். முறை அதற்கு இடம் தரவில்லை. பந்தலில் மாற்றப்பட்ட எந்த ஓலையும் அழிக்கப்படுவதில்லை. எழுதியவர் பெயரும் நீக்கிய நாளும் குறித்துப் பேழையில் வைக்கப்படும், கேட்பவர் எடுத்துப் பார்க்கலாம். நம்முடையதும் அங்கே இருக்கட்டும். பிற்காலத்தார் சிரித்தால் சிரிக்கட்டும். அதன் இடத்தில் கட்டவேண்டியதை நாமே எழுதி இத்துடன் வைத்திருக்கிறோம். ஒரே வரி: “ஏழு கலங்களும் ஏன் உடைந்தன என்று திருக்கோதைக்குத் தெரியாது.” அதில் பட்டம் எழுதவில்லை, முத்திரையும் வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் அதில் எந்த நூலையும் கட்டலாம்.

இவ்வோலைக்கு முத்திரை உண்டு. எழுத்தரை விலக்கி நம் கையாலே எழுதி, அரக்கு ஆறுமுன் அழுத்தி, வேகப்படகில் அனுப்பினோம். அது கருத்து, இது கட்டளை. கலங்களைத் திருப்பும்.