புது மாப்பிள்ளையிடம் பாஸ்வேர்டு கேட்ட வாரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக்காற்று. தேவாரத்தில் வீட்டிலிருந்து போடி ஆபீஸ் வருவதற்குள் ஸ்கூட்டரை இரண்டு முறை ஓரம் கட்டினேன். கண்ணெல்லாம் மண்.

வேலை: பேக்கப். யுபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர். பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

பதினோரு மணிக்கு மலை மேல் எஸ்டேட் ஆபீசிலிருந்து போன். முதலாளியின் புது மாப்பிள்ளை. வைகாசியில் கல்யாணம், ஆனியிலிருந்து ஏலக்காய்த் தோட்டம் முழுக்க அவர் பொறுப்பு. மெயில் அனுப்பப் பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாகப் போட்டிருக்கிறார். கம்பெனி மெயில் சர்வர் அரை மணி நேரம் உள்ளே விடவில்லை. அப்படி அமைத்தது நான்தான்.

"என்ன, வாசல்ல நிக்க வச்சிட்டீக?" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதலாளி கூப்பிட்டார். (இனி மு. முழுதாக எழுத மனம் வரவில்லை.)

"ஏத்தா ரீட்டா, புது மாப்பிள்ளம்மா. ஆடிக்குப் பொண்ண வேற இங்கன கூட்டியாந்து வச்சிருக்கோம். அதுல மெசினு அவுககிட்டப் போயி நீ யாரு, நீ யாருன்னு கேட்டா என்ன நெனப்பாக?"

"சார், யாரு என்னன்னு கேக்காம நம்ம சர்வர் மெயில வாங்கி வெளிய அனுப்புச்சுன்னா, கண்ட திருட்டுப் பயலும் நம்ம பேருல அனுப்புவான். பெறகு நம்ம மெயில ஒருத்தரும் வாங்க மாட்டாக."

"நம்ம வீட்டு மாப்பிள்ள திருடனா?"

எஸ்டேட் கனெக்‌ஷனின் ஐ.பி. எண்ணிலிருந்து வரும் மெயிலுக்கு மட்டும் பாஸ்வேர்டு வேண்டாம் என்று மாற்றிக்கொடுத்தேன். அவ்வளவில் நிற்கும் என்று நம்பினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நிற்கவில்லை. காற்றில் மலை மேல் நெட் லைன் போகிறது, திரும்பி வரும்போது எண் மாறிவிடுகிறது, சர்வர் மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது. காலையிலிருந்து மூன்று முறை. மூன்று முறையும் போன்.

நான்கு மணிக்கு மு. நேரில் வந்தார். பல் குத்திக்கொண்டே, "எல்லாத்தையும் தெறந்து விடு. ஆடி கழியட்டும், பெறகு பாத்துக்கிடலாம்."

எழுதித் தரச் சொன்னேன்.

"இந்தக் கம்பெனியில என் வாய்தாம்மா எழுத்து."

பில் போடும் செல்வி அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

திறந்தேன். செட்டிங்கில் ஒரே வரி மாற்றம். இனி யார் வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும் எங்கள் சர்வர் வழியாக அனுப்பலாம். எட்டு வருடம் சென்னையில் இதைச் செய்யாதே என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லித் தந்தவள் நான். தெரிந்தே செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. தெருவெல்லாம் மைக் செட், கூழ் வரிசை.

சர்வர் திணறுகிறது. வெளியே போகக் காத்திருக்கும் மெயில் நாற்பதாயிரம். ஆண்மை மாத்திரை, லாட்டரி, ஐந்து நிமிடத்தில் கடன். எல்லாம் எங்கள் ஏலக்காய்க் கம்பெனி பெயரில். குப்பை மெயில் அனுப்புகிறவர்கள் என்று மூன்று பிளாக்லிஸ்ட்டில் எங்களைச் சேர்த்துவிட்டார்கள். துபாய் பார்ட்டிக்குப் போன சாம்பிள் விவரம் நேற்றே திரும்பி வந்திருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை.

யாரையும் கேட்காமல் மூடினேன். எல்லாருக்கும் பாஸ்வேர்டு, மாப்பிள்ளைக்கும். என் செல்போன் நெட்டிலிருந்து பாஸ்வேர்டு இல்லாமல் அனுப்பிப் பார்த்தேன். மறுத்துவிட்டது. இந்த வாரம் நடந்த ஒரே நல்ல காரியம்.

ஜாமெட்ரி பாக்ஸ் மறந்துபோச்சு. பாப்பா கேட்டாள், கத்திவிட்டேன். பாவம்.

ஆகஸ்ட் 9, சனி

துபாயிலிருந்து மு.வுக்கு போன். உங்கள் மெயில் எதுவும் வரவில்லை, வேறு ஆளிடம் சரக்கு எடுத்துவிட்டோம் என்று. உடனே கூப்பிட்டார். மாப்பிள்ளையும் மலையிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்திருந்தார்.

"மெயில் போகலன்னு மட்டுந்தான சொன்னேன். தெறந்து விடுங்கன்னு சொன்னேனா?" என்றார் மாப்பிள்ளை. வாஸ்தவம். அவர் சொல்லவில்லை.

மு. பக்கம் திரும்பினேன். "நீங்கதான சார் தெறக்கச் சொன்னீக?"

"நான் தெரியாதவன், ஆயிரஞ் சொல்லுவேன். படிச்சவ நீ செய்யலாமா?" என்றார் மு.

செல்வி அக்காவைப் பார்த்தேன், அவர் பிரிண்டரைப் பார்த்தார்.

சரக்கு வாங்கும் எல்லாருக்கும் மன்னிப்புக் கடிதம் போக வேண்டுமாம். 'எனது கவனக்குறைவால்' என்று, என் பெயர் போட்டு. முடியாது என்றால் திங்கள் முதல் வர வேண்டாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைவில்லை.

வீட்டுக்காரர்: "எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு. இதுக்காகத் திரும்பச் சென்னைக்கா போவ?"

இந்தப் பக்கம் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கும் கம்பெனி நாலைந்துதான். அத்தனையும் மு.வுக்கு மாமன் மச்சான். கடிதம் எழுதினால் பெயர் கெடும், எழுதாவிட்டால் வேலை போகும். பெயர் கெட்டவளுக்கு அடுத்த வேலையும் கிடையாது.

மட்டன் உப்புக் கரித்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

தூறல். காற்று குறைந்திருக்கிறது.

மூன்று பிளாக்லிஸ்ட்டிலிருந்தும் எங்களை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பாஸ்வேர்டைப் போட்டு, மறுபடி கேட்காதபடி சேமித்துக் கொடுத்தேன். மூன்று நிமிடம்.

"அட, இம்புட்டுத்தானா?" என்றார். சிரித்தார்கூட.

பிறகு கடிதத்தைத் தட்டினேன். முப்பத்தொரு பேருக்கு. மு. பின்னால் நின்று படித்தார். "ஒம் பேரு கீழ இருக்கா? சரி, அனுப்பு."

அனுப்பினேன். எந்த மெயில் போனது என்று காட்டும் சர்வர் லாக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒன்றாவது திரும்பி வராதா என்று இருந்தது. முப்பத்தொன்றும் போய்ச் சேர்ந்துவிட்டன.