உங்கள் பெயரில் வந்த அழைப்பு

என் அன்புள்ள சரோ அக்காவுக்கு,

உங்களை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ஆறு வருஷமாக உங்கள் வீட்டில்தான் இருந்தேன். உங்கள் அடுப்பில்தான் சமைத்தேன், உங்கள் மகளுக்குத்தான் தலை பின்னிவிட்டேன். இத்தனை நாளில் உங்களிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வந்ததில்லை. இப்போது எழுதுகிறேன். புயல் போய் மூன்று வாரமாகிறது. தோட்டத்துப் பாடசாலையின் இரண்டாம் வகுப்பு அறையில், சின்னப் பிள்ளைகளின் மேசையில் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நம் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் தர்ஷினியும் நானும் நலம். மற்றதை நடந்தபடியே சொல்கிறேன். நடுவில் உங்களிடம் கேட்கவும் சில இருக்கின்றன. பதில் வராது என்று தெரியும். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

நீங்கள் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி இறந்து மூன்றாம் வருஷம் அவர் என்னைக் கட்டிக்கொண்டார். நான் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். தாலிக்கு அடுத்தபடியாக அவர் எனக்குத் தந்தது உங்கள் போனைத்தான். நம்பரை மாற்ற வேண்டாம், பிள்ளைக்கு இதுதான் மனப்பாடம் என்றார். சரி என்றேன். பிறகு அந்த போன் உடைந்து வேறு வாங்கினோம். சிம் உங்களுடையதுதான்.

ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தார். அவர் போனை எங்கே வைத்தார் என்று தெரியாமல் என் போனிலிருந்து அழைத்தேன். தலையணைக்கு அடியில் வெளிச்சம் வந்தது. எடுத்துப் பார்த்தால் ‘சரோ’ என்று இருந்தது. நான் அழைக்கும்போதெல்லாம் அவரை அழைத்தது நீங்கள்தான். அவர் ‘சொல்லு’ என்று எடுக்கும் அந்த முதல் நொடியில் குரல் ஏன் அப்படி இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிவிடுவார். சொல்லி மாற்ற வைத்த பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

புயலுக்கு முன்புவரை அவர் மொனராகலையில் மேசன் வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். கடலில் புயல் இருக்கிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். கடல் எங்கே, நம் தெமோதரை மலை எங்கே? புயல் என்றால் மட்டக்களப்பு ஆட்களுக்குத்தான் என்று நினைத்தோம். இரண்டு நாள் மழை விடாமல் பெய்தது. கரண்ட் போய்விட்டது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அவர் வெல்லவாயவிலிருந்து பேசினார். பஸ்ஸில் இருக்கிறாராம், வந்துகொண்டிருக்கிறாராம்.

“எறங்கி அங்கேயே எங்கயாவது இருங்க. இங்க ரோட்டுல தண்ணி ஆறு மாதிரி ஓடுது,” என்றேன்.

“பஸ்ஸ எடுத்துட்டாங்க ராணி. மத்தியானம் வந்துருவேன். புள்ளைய வெளிய விடாத.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு லைன் கிடைக்கவில்லை. விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் குரல் மூன்று மொழியிலும் அவர் இல்லை, இல்லை, இல்லை என்று சொன்னது. பன்னிரண்டு மணிக்கு என் போனில் சார்ஜ் இறங்கி அணைந்தது. கறுத்த திரையில் என் முகம் மட்டும் தெரிந்தது.

ஒன்று சொல்கிறேன் அக்கா, கோபிக்காதீர்கள். அந்த நேரம் நான் புயலுக்குப் பயந்ததைவிட உங்களுக்குத்தான் அதிகம் பயந்தேன். அவரை நீங்கள் கூப்பிட்டுக்கொள்வீர்களோ என்று பயந்தேன். சாமிப் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டது சாமியை இல்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டுவையுங்கள் என்று உங்களிடம்தான் கெஞ்சினேன்.

மத்தியானத்துக்கு மேல் காற்று நின்றது. மழை மட்டும் நேராக விழுந்தது. வாசலில் எங்கள் கோழிகள் நான்கும் கூண்டுக்குள் போகாமல் மழையில் நனைந்துகொண்டு நின்றன. நான்கும் ஒரே பக்கம், மேலே மலையைப் பார்த்து நின்றன. சூ என்று விரட்டினேன். அசையவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தப் போனால் கதவு நிலையில் பொருந்தவில்லை. காலையில்கூடச் சாத்திய கதவு அது. ஒரு விரல் இடைவெளி விட்டு முட்டிக்கொண்டு நின்றது.

அதோடு வேறு ஏதோ குறைவதுபோல் இருந்தது. என்ன என்று பிடிபடவில்லை. வாசலிலேயே நின்று காது கொடுத்தேன். தர்ஷினிதான் கண்டுபிடித்தாள்.

“சித்தி, பீலி நின்னுருச்சு.”

வரிசை வீடுகளாக இருந்த லயத்துக்குப் பின்னால் பாறையிலிருந்து குழாய் வழியாக விழும் நம் பீலித் தண்ணீர் உங்களுக்குத் தெரியாததா? எந்தக் கோடையிலும் நிற்காத பீலி அது. ஓடிப்போய்ப் பார்த்தோம். வானம் கொட்டிக்கொண்டிருக்கிறது, பீலியின் வாயில் ஒரு சொட்டு இல்லை. குழாய்க்குள் எதுவோ மெதுவாக உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மழையில் ஊற்று நின்றால் தண்ணீர் மலைக்குள்ளேயே தேங்குகிறது என்று அர்த்தம், அங்கே இருக்கக் கூடாது என்று பாடசாலையில் சொல்லித்தந்தார்களாம். சொன்னவள் அவள்தான். ஆனால் கிளம்பு என்றதும் கிளம்பாமல் நின்றவளும் அவள்தான்.

“அப்பா வந்து பாக்குறப்ப நம்ம இல்லாட்டி?”

“நம்ம உசுரோட இருந்தாத்தான அப்பா வந்து பாக்க முடியும்? செருப்ப மாட்டு.”

அவர் வந்தால் தெரியட்டும் என்று கதவில் கரித்துண்டால் ‘ஸ்கூல்ல இருக்கோம்’ என்று எழுதினேன். மழைச்சாரல் அதை எழுதும்போதே கரைத்தது. பிறகு மற்ற வீடுகளின் கதவைத் தட்டினேன். சிலர் உடனே வந்தார்கள். சிலரைத் திட்டித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. வெளியே போகும்போது தர்ஷினி திரும்பி உள்ளே ஓடப் பார்த்தாள். சுவரில் உங்கள் படம் இருந்தது. ஆணியடித்து உயரத்தில் மாட்டியிருந்தோம், ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும். நேரமில்லை என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

நேரம் இருந்தது அக்கா. அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம், அவளுடைய பாடப் புத்தகங்கள், மாற்றுத் துணி எல்லாம் எடுத்துப் பைக்குள் வைக்க நேரம் இருந்தது. உங்கள் படத்தை எடுக்கத்தான் இல்லை என்றேன். அது ஏன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பாடசாலை எதிர் மலையில் இருக்கிறது. நாங்கள் வந்து சேர்ந்து ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. பெரிய லொறியில் கல் கொட்டுவதுபோல, ஆனால் கொட்டி முடியாமல், நீண்டுகொண்டே போன சத்தம். எல்லோரும் வராந்தாவுக்கு ஓடினோம். பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாசனை மட்டும் வந்தது. புதிதாகக் கிளறிய மண்ணும் அறுந்த வேரும் கலந்த வாசனை. எங்கள் லயத்துப் பிள்ளை ஒன்று இன்றைக்கு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த இரவைப் பற்றி எழுத மாட்டேன். விடிந்ததும் மூட்டம் விலகியது. நம் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது. எங்கள் லயத்து ஆட்கள் எல்லோரும் தப்பிவிட்டோம். மேல் லயத்தில் அப்படி இல்லை.

அன்று மத்தியானம் அவர் வந்தார். எல்லவிலிருந்து ரயில் பாதையோரமாக நடந்து தெமோதரைக்கு வந்து, நேராக லயத்துக்குப் போயிருக்கிறார். அந்தச் சிவப்பு மண்ணுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. யாரோ கைபிடித்துப் பாடசாலைக்குக் கூட்டிவந்தார்கள். வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். தர்ஷினி போய்க் கட்டிக்கொண்டாள். அவள் தலைக்கு மேலாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து மூணு மணிக்கு எனக்குப் போன் பண்ணுனியா?”

“இல்லங்க. பன்னெண்டு மணிக்கே சார்ஜ் எறங்கிருச்சு.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நடந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்.

வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் மலைப் பாதையில் கல் விழுந்து பஸ் நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. எல்லோரும் பஸ்ஸுக்குள்ளேயே மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். இவர் கடைசி சீட்டில் ஜன்னலோரம். பக்கத்தில் புத்தலவிலிருந்து ஏறிய சிங்களப் பெரியவர். பதுளை ஆஸ்பத்திரியில் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறார். இருவரும் பிஸ்கட்டைப் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். மூன்று மணி இருக்கும், இவர் போன் அடித்தது. காலையிலிருந்து செத்துக் கிடந்த போன். திரையில் உங்கள் பெயர்.

உள்ளே சரியாகக் கேட்கவில்லை. பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெரியவர் மடியில் வைத்துவிட்டு இறங்கி, சிக்னல் தேடி முன்பக்கமாக நடந்திருக்கிறார். ‘சொல்லு, சொல்லு’ என்று கத்தியிருக்கிறார். பேச்சே இல்லை. பிறகு லைன் அறுந்தது. திரும்பிப் பார்க்கும்போது மலை இறங்கி பஸ்ஸின் பின்பாதியை மூடியிருந்தது.

“பேச்சே இல்லன்னா, என்னதான் கேட்டுச்சு?” என்று கேட்டேன்.

“தண்ணி விழுற சத்தம். நம்ம பீலி விழுமே, அதே மாதிரி.”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பீலி நின்றதை அவரிடம் நாங்கள் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

டவருக்கு உயிர் வரும்போது பழைய அழைப்பெல்லாம் தாமதமாக வந்து சேருமாம். தர்ஷினி அப்படித்தான் சொல்கிறாள். படிக்கிற பிள்ளை. இருக்கலாம். மழைச் சத்தமும் பீலிச் சத்தமும் ஒன்றாகத்தானே இருக்கும் என்கிறாள். அதுவும் இருக்கலாம். அவர் போன் தண்ணீர் புகுந்து வீணாகிவிட்டது. பதுளையில் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் யாரும் சரிபார்க்க முடியாது. நான் உங்களிடம்தான் கேட்க முடியும். நீங்களா அக்கா? நீங்கள் என்றால், அவரை உங்களிடம் கூப்பிட்டுக்கொள்ளவா அழைத்தீர்கள், என்னிடம் திருப்பி அனுப்பவா? அல்லது அங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதானா?

உங்கள் படத்தைப் பற்றித் தர்ஷினியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை வந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, பின்னிவிடுங்க என்று சீப்பை நீட்டினாள். முடிச்சை எடுக்கும்போது அவளுக்கும் வலித்தது, எனக்கும் வலித்தது.

இப்போது அவருடைய கதை. பகலெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். மொனராகலைக்குப் போகவில்லை. போனைத் திறந்து காட்டப் பதுளைக்குப் போனதுகூட நடந்துதான். போன வாரம் ஒருநாள் பஸ் ஏறப் போனார். படியில் கால் வைத்தவர் இறங்கித் திரும்பிவிட்டார். அந்தப் பெரியவர் பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று அடிக்கடி சொல்கிறார்.

நேற்று பாடசாலை அதிபரின் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அந்தப் பெரியவரை மண்ணுக்குள்ளிருந்து எடுக்கும்போது இவர் பை அவர் இரண்டு கைக்குள்ளும் இருந்ததாம். பெரியவருடைய பை என்று நினைத்து அவர் வீட்டாரிடம் கொடுத்துவிட்டார்கள். உள்ளே மேசன் கரண்டியும், தர்ஷினி எழுதுவதற்கு வாங்கிய கொப்பிகளும், நம் தோட்டத்து முகவரி எழுதிய ஒரு காகிதமும் இருந்திருக்கின்றன. அதை வைத்து விசாரித்து எங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பேசியது அந்தக் குழந்தை பெற்ற மகள். பையை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். கடைசியாக அப்பா என்ன பேசினார் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார், வந்தால் நேரில் சொல்ல முடியுமா என்றும் கேட்டாள்.

இவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். பிறகு என்னிடம், “எப்புடிப் போய் அந்த அம்மா மொகத்தப் பாப்பேன்?” என்றார்.

“நானும் வாரேன்,” என்றேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை புத்தலவுக்குப் போகிறோம். பாதையில் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிறார்களாம். மண் விழுந்த அதே இடத்தைத் தாண்டித்தான் பஸ் போகும். ஜன்னலோரம் நான் உட்காருவேன். அவர் கையை விட மாட்டேன். பஸ் எங்கே நின்றாலும் இருவரும் சேர்ந்தே இறங்குவோம். பிஸ்கட்டைப் பங்கு போட்டதையும், பேரப்பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் யோசித்துக்கொண்டு வந்ததையும் இவர் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். இவருக்குக் குரல் வராவிட்டால் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் சொல்வேன்.

தர்ஷினிக்குப் பரீட்சை வருகிறது. அவளைக் கூட்டிப்போகவில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை இங்கே நாங்கள் இல்லாமல் இருப்பாள். இத்தனை நாளும் பிள்ளைக்காக நான் உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. அன்றைக்கு ஒருநாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மகளின் சித்தி,
ராணி