நூலை வெட்டிய அக்காவுக்கு, ஒரு பொய்க்காரன்

அக்கா,

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தேவாலயத்தில் நடந்த உங்களுடைய இறுதிப் பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்படி சுவாமி கேட்டதும், பக்கத்தில் நின்ற பெரியவர் எனக்குக் கை நீட்டினார். நானும் கொடுத்தேன். கொடுத்த கையோடு சட்டைப்பையிலிருந்து கிருமிநாசினிப் போத்தலை எடுத்து, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நகநுனி என்று ஒழுங்கு தப்பாமல் தேய்த்தேன். பெரியவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த உங்கள் மருமகளும் திரும்பிப் பார்த்தாள். வேதக்காரரின் கையைத் தொட்டதற்குச் சைவக்காரன் தீட்டுக் கழித்தான் என்ற கதை, அன்று பின்னேரமே வுப்பர்டாலைத் தாண்டி டுசல்டோர்ஃப் வரைக்கும் போய்விட்டதாகக் கேள்வி. ஊர்க்கதை பரப்புவதில் நான் எடுத்த பெயருக்கு இது சரியான பரிசுதான்.

தீட்டு இல்லை அக்கா, பயம். அந்த மருந்தின் மணம் சாம்பிராணியையும் மீறி எழும்பியபோது, நான் பூசையிலேயே இல்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முந்திய அந்த நீண்ட வெள்ளை நடைபாதையில் நின்றேன்.

என் மகளுக்கு அப்போது நாலு மாதம். இதயத்தில் ஓட்டை. அறுவைச் சிகிச்சை முடிந்து, பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், எண்ணி முடிக்க ஏலாத குழாய்களுக்கு நடுவில் கிடந்தாள். நீங்கள் அங்கே துப்புரவு வேலை. உங்கள் தள்ளுவண்டி வழியை மறித்ததென்று நான் ஜெர்மன் மொழியில் ஏதோ மரியாதையாகச் சொல்ல, நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"தம்பி, உங்கடை டொச்சைக் கேட்டால் என்ரை வாளியும் அழும். தமிழிலை கதையுங்கோ."

மன்னார்க்காரி என்று தெரிந்தது. எந்த டொக்டர் எந்த டொக்டரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதும் ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. குழாய்க்குள் ஓடும் மருந்தைவிட உங்கள் கதைகள்தான் அந்த நாட்களில் என்னை நிமிர்த்தி வைத்திருந்தன.

மூன்றாம் நாள் பக்கத்து அறைக் கதவில் மஞ்சள் தாள் ஒட்டினார்கள். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் மேலங்கி, கையுறை, முகமூடி. அங்கே ஒரு பேருந்து ஓட்டுநரின் ஆண்குழந்தை, எங்கள் மகளின் வயதுதான். எந்த மருந்துக்கும் மசியாத கிருமி என்று டொக்டர் எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். எனக்குப் பாதி விளங்கவில்லை. நீங்கள்தான் விளங்கப்படுத்தினீர்கள்.

"வீட்டு ஊத்தை எனக்குப் பழக்கம் தம்பி. இது வேறை. இது ஆஸ்பத்திரியிலையே பிறந்து, ஆஸ்பத்திரி மருந்தையே குடிச்சு வளந்தது. மருந்து அதுக்குப் பால் மாதிரி."

அதற்குப் பிறகு நான் எதைப் பார்த்தாலும் பயந்தேன். கதவுப்பிடி, கதிரையின் கை, மனைவியின் கைத்தொலைபேசி. கண்ணுக்குத் தெரிகிற எதிரி என்றால் நாலு பகிடி விட்டுச் சமாளித்திருப்பேன். இதற்கு நான் எந்த மேடையில் நின்று என்ன சொல்ல?

முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். மனைவி மோதிரத்தையும் காப்பையும் கழற்றி என் கையில் தந்தாள். நான் மணிக்கூட்டைக் கழற்றினேன். என் வலது கையில் மஞ்சள் நூல் ஒன்று இருந்தது. அதை மட்டும் சட்டைக் கைக்குள் மேலே தள்ளி மறைத்துக்கொண்டேன்.

சாமத்திய வீடு, கல்யாண வீடு என்று விழா வீடுகளில் மைக் பிடித்து, "இவ்வளவு நூல் கட்டியிருக்கிறியள், ஒரு சட்டையே தைக்கலாமே" என்று கோயில் நூல்களை நக்கலடித்துக் கைதட்டு வாங்கியவன் நான். மகளை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோன அன்று அதே நான், யாருக்கும் சொல்லாமல் ரயிலேறி அம்மன் கோயிலுக்குப் போய் ஐயரிடம் கையை நீட்டினேன். பிள்ளை வீட்டுக்கு வரும்வரை கழற்றுவதில்லை என்று நேர்த்தி. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. சிரித்துவிடுவாளோ என்று கூச்சம்.

ஒரு நாள் காலை நான் குனிந்து மகளின் தலையைத் தடவும்போது நூல் வழுகி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. நீங்கள் கட்டில் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். தாதி அங்கே நின்றதால் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"தம்பி, ஒருக்கா வெளியிலை வாங்கோ."

வாளிகளும் துணிகளும் அடுக்கிய அந்தச் சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினீர்கள்.

"அதென்ன கையிலை?"

"ஒண்டுமில்லை அக்கா."

"ஒண்டுமில்லாததுக்கோ மஞ்சள் பூசினது? எத்தினை நாளாக் கட்டியிருக்கிறியள்?"

"பத்துப் பன்ரண்டு நாள்."

"குளிக்க நனையும். காயும். திரும்ப நனையும். நான் ஒரு துணியாலை ஒரு கட்டில்தான் துடைக்கிறன், அடுத்த கட்டிலுக்கு வேறை துணி. நீங்கள் பன்ரண்டு நாள் துணியைக் கையிலை கட்டிக்கொண்டு பிள்ளையைத் தடவுறியள்."

நூலை மற்றக் கையால் பொத்திக்கொண்டேன். "அறுத்தாப் பிறகு பிள்ளைக்கு ஏதும் நடந்திட்டால்?"

"அறுக்காமல் விட்டு நடந்தால்?"

உங்கள் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, என் அனுமதியைக் கேட்காமலே வெட்டினீர்கள்.

"உங்கடை அம்மன் கேட்டால், மன்னார்க்காரி ஒருத்திதான் வெட்டினவள் எண்டு சொல்லுங்கோ. நானும் மாதாவுக்குச் சொல்லி வைக்கிறன். ரண்டு பொம்பிளையளும் கதைச்சுத் தீர்க்கட்டும்."

நான் சிரித்தேன். அந்தப் பிரிவுக்குள் நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். சிரிப்பு அடங்குவதற்குள் நீங்கள் கேட்டீர்கள்:

"பக்கத்து அறைக்கு ஏதும் போனனீங்களோ?"

"இல்லை அக்கா."

அக்கா, போனேன். அதற்கு முதல் நாள் பின்னேரம். அந்தத் தகப்பனை டொக்டர் கூப்பிட்டிருந்தார். தாதிமார் வேறொரு அறையில் மணி அடித்ததென்று ஓடியிருந்தார்கள். பிள்ளை அழுதுகொண்டே இருந்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால் எட்டிப் பார்க்காமல் இருக்கத் தெரியாத பிறவி நான். மேலங்கியும் இல்லை, கையுறையும் இல்லை. மெத்தையில் விழுந்து கிடந்த ரப்பர் சூப்பியை எடுத்து அவன் வாயில் வைத்தேன். வைத்ததும் அழுகை நின்றது. பெரிய சாதனை செய்தவன்போலத் திரும்பி வந்து, கையைத் தேய்த்துவிட்டு, மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையைத்தான் தேய்த்தேன். நூலைத் தேய்க்கவில்லை.

உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் தாதியிடம் சொல்லியிருப்பீர்கள். என்னை உள்ளே விடமாட்டார்கள் என்ற பயம். அந்த ஒரு "இல்லை"யைத்தான் இத்தனை வருடம் விழுங்கிக்கொண்டு திரிகிறேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வந்தபோது பக்கத்து அறை வெறுமையாக இருந்தது. திரையைக்கூடக் கழற்றியிருந்தார்கள். நீங்கள் முகமூடியோடு சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"பிள்ளையை வேறை இடத்துக்கு மாத்திப்போட்டினமோ அக்கா?"

"நான் துடைக்கிறவள் தம்பி. என்னட்டை ஒண்டும் கேக்காதேங்கோ."

முகமூடிக்கு மேலே உங்கள் கண்ணைப் பார்த்தேன். பிள்ளை போய்விட்டான் என்று அது சொல்லிற்று.

அதே கிழமை எங்கள் மகளிடம் எடுத்த பஞ்சுக்குச்சிப் பரிசோதனையின் முடிவு வந்தது. எங்கள் கதவிலும் மஞ்சள் தாள். அடுத்த நாள் காய்ச்சல். கடைசியாக ஒரு மருந்து இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், ஆனாலும் கொடுக்கத்தான் வேண்டும் என்றார் டொக்டர். மனைவி என் தோளில் சாய்ந்து, "எங்கையிருந்து வந்தது, எங்கையிருந்து வந்தது" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். என் இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பியைப் பிடித்த விரல்கள். வெட்டி எறிய ஒரு கத்தரிக்கோல் இருக்கவில்லை.

அன்று முதல் எங்கள் அறையை நீங்கள் கடைசியாகத்தான் துடைத்தீர்கள். எனக்கு அது சுட்டது.

"எங்களை ஒதுக்கி வைக்கிறியளோ அக்கா?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. உங்கடை அறையிலை இருந்து மற்றப் பிள்ளையளிட்டை நான் கொண்டுபோகக் கூடாதெல்லோ." பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு மெல்லச் சொன்னீர்கள்: "ஒருக்காக் கொண்டு வந்தது போதும்."

"நீங்களோ?"

"வேறை ஆர்? ரண்டு அறைக்குள்ளையும் போய்வந்தது நான்தானே. எங்கையோ ஒரு மூலையை விட்டிட்டன். ஒரு துணியை மாத்தாமல் விட்டிட்டன். யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், பிடிபடுதில்லை."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊரில் யாருடைய கதை என்றாலும் கேட்காமலே சொல்கிறவன், என் கதையைச் சொல்ல வேண்டிய அன்று சும்மா நின்றேன்.

ஒன்பது நாள் காய்ச்சல் ஏறி இறங்கியது. பத்தாம் நாள் இறங்கியது ஏறவில்லை. இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. என் பகிடிக்குச் சிரிப்பதில்லை என்ற ஒரு குறையைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள்தான் அந்தப் பிரிவை விட்டுப் போனீர்கள். பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை எடுத்துக்கொண்டீர்கள். "படிக்கட்டுத் துடைச்சால் ஒருத்தரும் சாகமாட்டினம்" என்று தமிழ்க் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னீர்கள். எங்கே கண்டாலும் மகளை எட்டடி தள்ளி நின்றுதான் பார்ப்பீர்கள். அவள் கட்டிப்பிடிக்க வந்தால், "வேண்டாம் பிள்ளை, என்ரை உடுப்பு ஊத்தை" என்பீர்கள். கல்யாண வீட்டில், பட்டுச் சேலையோடு.

ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு பகிடியைச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். போன மாசி மாதம் உங்களுக்கு நெஞ்சடைப்பென்று செய்தி வந்தபோது, அழுவதற்கு முன் எனக்குள் ஒரு கள்ளன் மூச்சு விட்டான்: இனிச் சொல்லத் தேவையில்லை. அவனை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் அழுகிற பிள்ளை எதைக் கண்டாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். உறவுக்காரர் எல்லாரும் எனக்குத் தலைக்கனம் என்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும். என் கையைப்பற்றி நானறிந்ததை அவர்கள் அறிய வேண்டாம்.

போன கிழமை மகளுக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பப் பழைய ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்தோம். அவள் வீடு திரும்பி இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு வந்த நாலு பக்கக் கடிதம் ஒன்று அதற்குள் இருந்தது. ஜெர்மன் கடினமாக இருந்ததால் முதல் பக்கத்தோடு வாசிப்பை நிறுத்தி மடித்து வைத்திருக்கிறேன். மகள் இருந்து வாசித்துச் சொன்னாள். பக்கத்து அறைப் பிள்ளையின் கிருமியும் இவளுடைய கிருமியும் வேறு வேறு இனம், ஒன்றிலிருந்து மற்றது வந்திருக்க வழியே இல்லை என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது.