செல்லப்பன் கங்காணியின் தங்கப்பல்

பாலோ, 1934 மார்ச் 4, ஞாயிறு

தவக்காலம். இறைச்சி இல்லை, சுருட்டு இல்லை, நாவலும் நகரவில்லை. முதல் இரண்டும் ஒறுத்தல். மூன்றாவது தானாக வந்தது.

ஆறாம் அத்தியாயத்தை நாலாவது தடவையாகத் திருத்திச் சூசையம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். ஜமீன்தார் வஜ்ரவேலு தங்கப்பல் மின்னச் சிரித்து, ஏழைப் பெண் மேல் பிரம்பை ஓங்குகிற இடம். தஞ்சாவூரில் நடக்கிறது. தஞ்சாவூரை நான் கண்டதில்லை.

என் மனைவி வெங்காயம் உரித்தபடி சொன்னாள்: “நம்ம செல்லப்பன் கங்காணி மாதிரியே இருக்காருங்க.”

“உளறாதே. இவர் ஜமீன்தார்.”

“அப்ப ஏன் ‘பெரட்டுக்கு நேரமாச்சு’ங்கிறாரு?”

பார்த்தேன். ஜமீன்தார் இருட்டோடு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறார். காலமெல்லாம் கித்தா ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவனுக்கு வேறு என்ன விடியல் தெரியும்?

மார்ச் 5

எங்கள் வீட்டுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ரோலண்ட் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அதன் மறுபக்கம் அவர் மனைவி இன்பராணியின் காது. காலையில் நான் பெரட்டுக்குப் போவதற்குள் வஜ்ரவேலு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான். பால்வெட்டுப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு கங்காணியைப் பார்த்தார்கள். அவர் வாயே திறக்கவில்லை. தினமும் மரம் அதிரத் திட்டுகிற மனுஷன், உதட்டை இறுக்கிக்கொண்டு பிரம்பால் சுட்டிக்காட்டியே வேலை பிரித்துவிட்டார்.

ஆட்கள் அவர் ஊரிலிருந்து கூட்டி வந்தவர்கள். கோபித்துக்கொண்டு அவர் சிகாமட் பக்கம் வேறு தோட்டத்துக்குக் கிளம்பினால் பாதித் தோட்டம் பின்னால் போகும். துரை என் சீட்டைக் கிழிப்பார். நாவல் எழுதி வேலை போயிற்று என்றால் யார் நம்புவார்கள்?

மார்ச் 6

வஜ்ரவேலுவின் பல்லைப் பிடுங்கினேன். பதிலுக்கு ஒரு கால் நொண்டி.

மார்ச் 8

டிரஸ்ஸர் ரோலண்ட் நொண்டுவார். எனக்கு எப்படி மறந்தது?

இன்பராணி சுவருக்கு அப்பாலிருந்து, கோழியிடம் பேசுவதுபோல்: “ஊருக்கே கட்டுக் கட்டுற மனுசன். அவரு கால் மேலதான் சில பேருக்குக் கண்ணு.”

இருமலுக்கு மருந்து கேட்டுப் போனேன். டிரஸ்ஸர் விளக்கெண்ணெய் கொடுத்தார்.

மார்ச் 15

நொண்டிக் காலை நேராக்கினேன். பிரம்பை எடுத்துவிட்டேன். பெரட்டையும் எடுத்துவிட்டேன். வஜ்ரவேலு இப்போது நல்ல தேகசுகத்தோடு, யாரையும் தொந்தரவு செய்யாமல் வாழ்கிறான். ஏழைப் பெண் அழுவதற்குக் காரணம் கிடைக்காமல் நிற்கிறாள்.

சிங்கப்பூர்ப் பத்திரிகைக்குத் துணுக்கு எழுதி எழுதி, கிராணி ரபேல் நல்லா சிரிக்க வைப்பாரு என்று பேர் வாங்கியாயிற்று. சாவதற்குள் ஒரு முழுப் புத்தகம் — ஆசை அவ்வளவுதான். நாற்பத்தாறு வயதில் தொப்பையும் இந்த ஆசையும்தான் வளர்கின்றன. இதை யார் வாசிப்பார்கள்? நானே பாதியில் தூங்கிவிட்டேன்.

மார்ச் 18

எழுதவில்லை. மழை. மழை இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன்.

மார்ச் 25, குருத்து ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வாசற்படியில் செல்லப்பன் கங்காணி. கோட்டு வேறு போட்டிருந்தார்.

“உக்காருங்க கங்காணி.”

“இருக்கட்டும் கிராணி. எம் பல்ல எடுத்துட்டீங்களாமே?”

“அது உங்க பல்லு இல்லீங்க. ஜமீன்தாரோட—”

“யாரு பல்லுன்னு கூலி லயத்துல கைப்புள்ளைக்கும் தெரியும்.” வாயைத் திறந்தார். பளிச்சென்றது. “சாம்பல் போட்டுத் தேச்சு வச்சிருக்கேன். அப்பன் கதைப் பொஸ்தகத்துல வர்றேன்னு ஊர்ல எம் மவளுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். இப்பப் போயி இல்லேன்னா?”

“அப்ப அன்னிக்குப் பெரட்டுல ஏன் வாயே தொறக்கல?”

“பொஸ்தகத்துல ஏறுற ஆளு கண்டதையும் பேசலாமா?”

கதையில் அவர் கெட்டவர் என்பதை மெல்லச் சொன்னேன்.

“தெரியும்லா. கள்ளு குடிக்கிறானாமே, அத மட்டும் பிராந்தின்னு மாத்திப்புடுங்க.” படியில் இறங்கியவர் நின்றார். “அந்தப் புள்ளைய — அடிச்சிடறேனா?”

“இன்னும் எழுதலீங்க.”

“ம்” என்றார். போய்விட்டார்.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

பல், பிரம்பு, பெரட்டு மூன்றும் உயிர்த்தெழுந்தன. தஞ்சாவூரை ஒழித்துவிட்டேன். இனி வஜ்ரவேலு கங்காணி, பாலோ, பிராந்தி. ஒரு சுருட்டும் பிடித்தேன். எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

ஏப்ரல் 9

இன்று பெரட்டுக்குப் பால்வெட்டுகிற பேச்சியம்மாள் பிந்தி வந்தாள். கங்காணி பிரம்பை ஓங்கினார். ஓங்கியவர் திரும்பி என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இதையும் எழுதுவீங்களா கிராணி?”

“எழுதுவேங்க.”

பிரம்பு கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. அப்புறம் அதனாலேயே முதுகைச் சொறிந்துகொண்டார். “போ புள்ள, வெட்டுக்குப் போ.”

வீட்டுக்கு வந்து ஏழாம் அத்தியாயத்தைப் பிரித்தேன். வஜ்ரவேலு அவளை அடிப்பதாக நேற்றுத்தான் எழுதியிருந்தேன் — இரண்டு பக்கம், வழக்கமாக என் கைக்கு வராத நல்ல நடை. அடித்ததை எல்லாம் பேனாவால் அடித்தேன். அந்த இடத்தில் முதுகைச் சொறிய விட்டேன். இனி இவனை வைத்துக்கொண்டு மீதிக் கதையை எப்படி இழுப்பது? ஆண்டவருக்கே வெளிச்சம்.

சூசையம்மாளுக்கு அதுவரை வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன்.

சுவருக்கு அப்பாலிருந்து இன்பராணி கேட்டாள்: “அப்புறம்?”