வேங்கிக்கால் வளைவில்

ஒரகடம்,
13.1.2025

அன்பு நந்தினிக்கு,

நலம்தானே? பனிக்காலத்தில் முட்டி வலி ஜாஸ்தி என்று எழுதியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறது? போனில் பேசினால் இரண்டு பேரும் எதையாவது சொல்லிச் சிரித்துச் சமாளித்துவிடுகிறோம். அதனால் இதையும் கடிதத்திலேயே எழுதுகிறேன்.

நேற்று ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டினேன். கம்பெனியில் கூட வேலை பார்க்கும் இளவரசன் சேர்த்துவிட்ட பயிற்சி வகுப்பு. உடம்பு முழுக்கத் தோல் உடை, முதுகுக்குக் கவசம், ஓரமாக ஓர் ஆம்புலன்ஸ். எதிரே வண்டி வராது, யாரும் குறுக்கே நடக்க மாட்டார்கள். நூற்று எழுபதைத் தொட்டேன். ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தேன், நந்தினி. இறங்கியதும் உன் ஞாபகம்தான். இப்படிச் சந்தோஷப்பட எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. கோபம் வந்தால் மறைக்காமல் எழுது.

உன்,
மெஹ்விஷ்


திருவண்ணாமலை,
20.1.2025

என் மெஹ்விக்கு,

கோபம் எதற்கு? ரோட்டில் ஓட்டுவதற்கு அங்கே ஓட்டுவது எவ்வளவோ மேல். அப்பாவிடமும் சொன்னேன். "அங்க போலீஸ் புடிக்காதா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

போன வாரம் பௌர்ணமிக்கு மலையைச் சுற்றப் போனேன். பாதி தூரம் நடந்தேன், மீதிக்கு ஆட்டோ. போன தடவையைவிட இது அதிகம்.

நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் ஒரே கூட்டம். போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்க மூன்று பெண்கள் வந்தார்கள். நானூறு மீட்டரை எத்தனை விநாடியில் ஓட வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத்தான் அது மனப்பாடம் ஆயிற்றே, சொன்னேன்.

ஒரு கல்யாணத்தில் காசியம்மாள் அத்தை மறுபடி ஆரம்பித்தார், பைக் ஓட்டுகிற பெண்ணின் பின்னால் ஏன் உட்கார விட்டீர்கள் என்று. அப்பா விடவில்லை. "நாய் குறுக்க வந்தா அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? சும்மா இருங்க" என்றார். அதனால் நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உன் அம்மிக்கு என் சலாம்.

அன்புடன்,
நந்தினி


ஒரகடம்,
27.1.2025

நந்தினி,

நாய் வரவில்லை.

அன்று நடந்தது எதுவும் உனக்கு ஞாபகம் இல்லை. இனியும் வராது என்று டாக்டர் சொன்னார். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கிரவுண்டில் போலீஸ் தேர்வுக்கான ஓட்டப் பயிற்சி முடித்து வந்தாய். வீட்டில் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டேன். கலெக்டர் ஆபீஸைத் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. எங்கள் சாகில் அண்ணனின் பைக் எவ்வளவு வேகம் போகும் என்று பார்க்கும் ஆசை. "மெதுவா போ மெஹ்வி" என்று தோளைத் தட்டினாய். எனக்கு அது விளையாட்டாக இருந்தது, இன்னும் முறுக்கினேன். மறுபடி தட்டினாய். வேங்கிக்கால் வளைவில் மணல் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் உன் அப்பா செருப்புகூட இல்லாமல் ஓடி வந்து "எப்படிம்மா ஆச்சு?" என்றார். வாயில் நாய் என்று வந்துவிட்டது. அவர் என் தலையைத் தடவி, தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

டிராக்கில் என் பின்னால் யாரும் உட்காருவதில்லை. அந்தச் சந்தோஷம் அதனால்தான் என்று உன் கடிதத்தைப் படித்தபோது புரிந்தது. நேற்று வகுப்புக்குப் போகவில்லை. இனியும் போகமாட்டேன்.

மெஹ்விஷ்


திருவண்ணாமலை,
3.2.2025

மெஹ்விஷ்,

கடிதம் கிடைத்தது. அப்பாவிடம் நான் சொல்லமாட்டேன். இரண்டரை வருடமாக உனக்காக எல்லோரிடமும் சண்டை போட்டவர் அவர். நீயே வந்து சொல். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார்.

நந்தினி


திருவண்ணாமலை,
11.2.2025

மெஹ்விஷ்,

நீ வருவாய் என்று நான் நம்பவில்லை. வந்தாய், எதையும் குறைக்காமல் சொன்னாய். நான் தோளைத் தட்டியதைக்கூட விடவில்லை. அப்பா எழுந்து உள்ளே போனதை நீயும் பார்த்தாய்.

டிராக்குக்குப் போவதை விட்டதாக எழுதியிருந்தாய். எனக்காக என்றால் வேண்டாம். நீ ஓட்டாவிட்டால் என் முட்டி மடங்கிவிடப் போவதில்லை. ஓட்டுவதானால் அங்கேயே ஓட்டு. அங்கே சிரித்ததை மட்டும் எனக்கு எழுதாதே. அன்று நீ என் பேச்சைக் கேட்டிருந்தால் நான் இன்று வேறு இடத்தில் இருந்திருப்பேன். அதை என்னால் தாண்டி வர முடியவில்லை.

நீ போன பிறகு அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை. சாயங்காலம் வெளியே வந்து என்னிடம் கேட்டார்: "அந்தப் பொண்ணு பைக்ல போச்சா, பஸ்லயா?"

பஸ்ஸில்தான் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு சாப்பிட உட்கார்ந்தார்.

எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை, மெஹ்வி. தோன்றுகிற அன்றைக்கு நானே எழுதுகிறேன். அதுவரை நீ எழுத வேண்டாம்.

நந்தினி