வெள்ளைப் பொட்டு வைத்த நத்தைகள்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை ஆறு மணி: 7 டிகிரி. குளிர்காலம் முடிகிறது; செப்டம்பரில் பிறக்கும் வசந்தத்துக்கான திட்டம் கீழே. எழுதி வைத்தால்தான் எனக்கு ஒரு காரியம் ஓடும்.

1. சாண்டா ரோசா புயல் ஆகஸ்ட் முப்பதையொட்டி அடித்து ஓய்ந்த பிறகே நாற்றுகளை மண்ணில் வைப்பது. (முப்பத்தோரு வருடம் பள்ளியில் அறிவியல் நடத்தியவன் ஒரு புனிதரின் நாளுக்குக் காத்திருக்கிறேன். வெட்கம்தான். ஆனால் இந்த ஊரில் காத்திருக்காதவர் யார்?)
2. தினமும் வெப்பமானியைப் பார்த்து எழுதுவது.
3. விடியலில் கையுறை போட்டு நத்தைகளைப் பொறுக்குவது.
4. நத்தைகள் பக்கத்து வீட்டு டார்டோவின் வேலை. சுவருக்கு மேலாக அவர்தான் என் பக்கம் எறிகிறார்.
5. அக்டோபர் 5, ஞாயிறு, மகள் சூல்மா வரும்போது முப்பத்தாறு தக்காளிச் செடிகள் வரிசையாக நிற்க வேண்டும்.

ஐந்தாவதுதான் முக்கியம். போன வசந்தத்தில் பின்கட்டின் செங்கல் பாதையில், நத்தைக் கோழையில் வழுக்கி விழுந்தேன். இரண்டு மணி நேரம் கன்னம் சேற்றில் கிடந்தது. டார்டோ சுவரேறிக் குதித்துத் தூக்கினார். புகையிலை நாற்றம், ஈரக் கை. அத்தோடு விட்டாரா? தலைநகர் மாண்டேவிடியோவில் இருக்கும் என் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். அன்றிலிருந்து சூல்மாவுக்கு ஒரே பேச்சு. "ப்பா, இந்தச் சேத்தையெல்லாம் சிமெண்ட் போட்டு மூடிரலாம்." கடைசியில் கெடு வைத்துவிட்டாள். "அக்டோபர் மொத ஞாயிறு வர்றேன். தோட்டம் தோட்டமா இருந்தா விட்டுடறேன். இல்லன்னா மறுநாளே மேஸ்திரி."

சரி என்றேன். எதற்குத்தான் நான் சரி என்று சொல்லவில்லை?

ஆகஸ்ட் 14, வியாழன்

மதியம் 26 டிகிரி. ஆகஸ்டில்! நேற்று கம்பளி, இன்று வியர்வை. பாத்தியிலிருந்து அழுகிய முட்டைக்கோஸ் வாடை. பாத்தி ஓரத்துப் பலகையைப் புரட்டினால் அடியில் நத்தைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, நுரைத்துக்கொண்டு. குமட்டியது.

டார்டோ இதற்குள் நட்டுவிட்டார். கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்கும் கையில் மாத்தே இலைத் தேநீர்க் குடுவையுமாகச் சுவருக்கு மேலே தலை.

"வாத்தியாரே! நான் பதினாறு செடி நட்டாச்சு. நீங்க இன்னும் சன்னல்ல வச்சுத் தாலாட்டுறீங்களா?"

"சாண்டா ரோசா வந்து போகட்டும்."

"தக்காளிக்கு என்ன, காலண்டர் பாக்கவா தெரியும்?"

சொல்லிக்கொண்டே குடுவையை என் பக்கம் கவிழ்த்துத் தட்டினார். காலை முழுக்க அவர் வாய் உறிஞ்சிய மாத்தே சக்கை, பச்சையாக, சொதசொதவென்று, என் கீரைமேல். "நல்ல எரு, வாத்தியாரே!"

நன்றி என்றேன். நன்றியாம்! ச்சீ.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நத்தை 31. நசுக்க முடியவில்லை. அந்தச் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டேன். எறிந்தேன் என்பது சரியல்ல, உரியவரிடம் திருப்பினேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மறுபடி 28. அதே நத்தைகளா? அப்படியென்றால் அவர் திருப்பி எறிகிறார். ஆனால் ஆதாரம் வேண்டும். ஆதாரமில்லாமல் ஒரு மாணவனைக்கூட நான் கண்டித்ததில்லை. (ஆதாரம் இருந்தபோது கண்டித்தேனா?)

சூல்மா குளியலறையில் விட்டுப்போன வெள்ளை நெயில் பாலிஷ் இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டு விடியல்களில் நாற்பது நத்தைகள். ஒவ்வொன்றின் ஓட்டிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. கையுறைக்குள்ளும் பிசுபிசுப்பு ஏறிவிட்டது, மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. நாற்பதையும் சுவர் தாண்டி அனுப்பினேன். எழுபத்தெட்டு வயதில் செய்கிற வேலையா இது?

ஆகஸ்ட் 30, சனி

சாண்டா ரோசா. காலையிலிருந்து ஊரே வானத்தைப் பார்த்தது. மாலையில் பத்து நிமிடத் தூறல். ரொட்டிக் கடையில் இதுதான் சாண்டா ரோசா என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. டார்டோ அங்கேயும் இருந்தார். "இதேதான். அவளுக்கும் வயசாச்சுல்ல? இனிமே இவ்வளவுதான் முடியும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், யாரைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று தெரியாமல்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வெள்ளைப் பொட்டு வைத்தவை என் பாத்தியில்: பதினேழு. நிரூபணம். ஓட்டை போட்ட மூடியுள்ள ஜாடியில் சாட்சிகளாக அடைத்துவிட்டேன். கண்ணாடியெல்லாம் கோழை.

குளியலறைக் கண்ணாடி முன் நின்று நான்கு முறை பேசிப் பார்த்தேன். பிறகு சுவரருகே போனேன்.

"டார்டோ..."

"சொல்லுங்க வாத்தியாரே!"

"ஒண்ணுமில்ல. நல்ல வெயில்."

மழை பெய்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

டார்டோவின் பதினாறு செடிகளையும் நத்தைகள் தின்றுவிட்டன. அவரே சொன்னார், கோபமில்லாமல். "மிச்சம் கொஞ்சம் சமையலறையில தகர டப்பாவுல இருக்கு, பாத்துக்கலாம்." எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதைக் கண்டபோது பலகைக்கு அடியில் பார்த்ததைவிடக் கேவலமாக இருந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

27 டிகிரி, நான்காவது நாளாக. தூறலையே சாண்டா ரோசா என்று வைத்துக்கொள்ளலாமா? அக்டோபர் ஐந்துக்கு இருபத்தேழு நாள்தான் இருக்கிறது. வைத்துக்கொண்டேன். முப்பத்தாறும் மண்ணில். ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு. நூல் பிடித்து நட்டேன். அழகாகவே இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

குளிர்ந்த தெற்குக் காற்று பகல் முழுக்க அடித்து, சாயங்காலம் சட்டென்று நின்றது. வானத்தில் ஒரு மேகமில்லை. டார்டோ கத்தினார்: "வாத்தியாரே, போர்வையோ கோணியோ போட்டு மூடிருங்க! என் முழங்கால் கூப்பாடு போடுது!"

வெப்பமானியில் 9. விடியலுக்குள் ஐந்து டிகிரி இறங்கினாலும் 4. முழங்காலுக்காகப் போர்வையை அழுக்காக்குவதா? மூடவில்லை.

செப்டம்பர் 17, புதன்

வெப்பமானியில் 3. தரை உறைபனியில் வெள்ளை.

முப்பத்தாறும் போச்சு. பத்து மணி வெயிலுக்குக் கறுத்துத் தொங்கிவிட்டன. தொட்டால் வெந்த கீரை மாதிரி விரலில் ஒட்டுகிறது.

கருவி பொய் சொல்லவில்லை. அது வீட்டுச் சுவரில் என் தலை உயரத்தில் தொங்குகிறது. செடிகள் நிற்பது தரையில். குளிர்ந்த காற்று கீழே தங்கும் — வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தினேனே! அடச்சீ. என்ன மனுஷன் நான்.

இனி சிமெண்ட்தான்.

செப்டம்பர் 18, வியாழன்

டார்டோ முதல் தடவையாக வாசல் வழியாக வந்தார். ஒரு கையில் பழப்பெட்டி. அதில் பன்னிரண்டு தகர டப்பாக்கள், பன்னிரண்டு தக்காளி நாற்றுகள். இன்னொரு கையில் வலை கட்டிய வாளி.

"சுவத்துக்கு மேல பாத்தேன். மனசு கேக்கல. இந்தாங்க, இதை நடுங்க."

"உங்களுக்கு?"

"என் வீட்டுக்கு எந்த மகளும் ஆய்வுக்கு வரல, வாத்தியாரே."

சூல்மா அவரிடமும் சொல்லியிருக்கிறாள். பிறகு வாளியை என் காலடியில் வைத்தார். வலைக்கு உள்ளே நத்தைகள். கொழுத்து, பளபளத்து. எல்லாவற்றின் முதுகிலும் வெள்ளைப் பொட்டு.

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"இருபத்து மூணு இருக்கு. நீங்க பொட்டு வச்சிருந்தீங்க. ஏதோ ஆராய்ச்சின்னு தெரிஞ்சுது. அதான் கொல்லல. தெனமும் கீரை போட்டேன். மிச்சமெல்லாம் என் கண்ணு முன்னாடியே சுவரேறி உங்க வீட்டுக்கே போயிருச்சு. காலைல மாத்தே குடிச்சுக்கிட்டே பாத்திருக்கேன், ரயில் மாதிரி வரிசையாப் போகும். தடுத்தா உங்க கணக்கு கெட்டுருமேன்னு விட்டுட்டேன்."

நாற்பதில் இருபத்து மூன்று போனால் பதினேழு. என் ஜாடியில் பதினேழு. அவர் கையால் ஒன்றுகூட வரவில்லை.

"டார்டோ, அதுங்க உங்க பக்கம் தானா வரல. நான்தான்..."

"தெரியுமே! ஒண்ணு என் தொப்பி மேலயே விழுந்துச்சு. வாத்தியாரு நத்தையப் பறக்க விடுறாருன்னு ரொட்டிக் கடையில எல்லாருக்கும் சொன்னேன்."

"உங்க செடியெல்லாம் அதுங்கதானே தின்னுச்சு?"

"தின்னுச்சுதான்," என்றார். அந்த நேரம் மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த தடவை முன்னாடியே சொல்லுங்க. நான் தள்ளி நட்டுக்குவேன்."

இத்தனை நாள் நத்தையைப் பார்த்துக் குமட்டியது, என்னை நினைத்துக் குமட்டியதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 20, சனி

பன்னிரண்டும் நட்டாயிற்று. வெப்பமானியைக் கழற்றி, ஒரு குச்சியில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டினேன். சாட்சிகளையும் வாளியில் கொட்டி, டார்டோவும் நானும் ஓடை வரைக்கும் நடந்து போய்ப் புல்லில் விட்டோம். ஒன்று என் மணிக்கட்டில் ஏறிவிட்டது. கத்திவிட்டேன். அவர்தான் எடுத்துப் போட்டார்.

செப்டம்பர் 27, சனி

தரையில் 2. பன்னிரண்டும் என் நல்ல போர்வைக்கு அடியில். போர்வை நாசம். செடிகள் இருக்கின்றன.

அக்டோபர் 5, ஞாயிறு

சூல்மா வந்தாள். பின்கட்டுக்கு வந்து எண்ணினாள்.

"முப்பத்தாறுன்னீங்களேப்பா."

சுவருக்கு மேலே டார்டோவின் தலை. வாயைத் திறந்தார். எனக்காக ஏதோ பொய் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. அதற்குள் நானே சொல்லிவிட்டேன். முப்பத்தாறும் பனியில் போனது, இவை டார்டோவின் செடிகள், பொட்டு வைத்து நத்தைகளை எறிந்தது நான். எல்லாம்.

"என் நெயில் பாலிஷா?" என்றாள்.

"ஆமா."

பாதையில் நடந்து பார்த்தாள். பாதி வழியில் அவளுடைய காலும் லேசாக வழுக்கியது. முகத்தைச் சுளித்து, செருப்பின் அடியைப் புல்லில் தேய்த்தாள். என் முகம்தான் அது.

"மேஸ்திரி புதன்கிழமை வருவாரு. இந்தப் பாதைக்கு மட்டும். சொரசொரன்னு போடச் சொல்றேன். பாத்தியெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஆனா தெனமும் காலைல டார்டோவுக்கு ஒரு குரல் குடுக்கணும். குரல் வரலன்னா அவரு எட்டிப் பாப்பாரு."

சரி என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

காலை ஆறு மணி, தரையில்: 8 டிகிரி. தூறல். சுவரருகே போய் நின்றேன். தொண்டையைச் செருமி, "டார்டோ!" என்று கூப்பிட்டேன். எனக்கே சத்தமாகக் கேட்டது.

"இருக்கீங்களா வாத்தியாரே!" என்று பதில் வந்தது. கூடவே மாத்தே சக்கை, சொத்தென்று, என் தோளில். இன்னும் சூடாக இருந்தது. அருவருப்புதான். அது மாறவில்லை.

தோளைத் துடைத்துவிட்டு வந்து முதல் பக்கத்தைத் திருப்பினேன். திட்டத்தின் நான்காவது வரி தவறு. அவர் எறிந்தது சக்கை மட்டும்தான்.