குண்டு வருது, படுங்க!

9.6.1997, திங்கள்
கௌரிக்கு இன்றும் வயிற்றுவலி. பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போடும் நேரத்தில் தொடங்கி, பத்து மணிக்கெல்லாம் நின்றுவிடுகிறது. களுபோவில ஆஸ்பத்திரி டொக்டர் ஒன்றுமில்லை என்றார். பதினாலு வயதுப் பிள்ளை பொய் சொல்கிறாளா?

12.6
வகுப்பாசிரியை கொன்ஸ்ரன்ஸின் கடிதம். இந்தத் தவணையில் பதினேழு நாள் வரவில்லையாம். நான் வீட்டில் வைத்தது பதினொரு நாள்தான். மிச்சம் ஆறு நாளும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு எங்கே போனாள்?
"கோயில்ல இருந்தனான்" என்றாள். ஐயோ, காலி வீதிச் சோதனைச்சாவடியில ஆமி மறிச்சிருந்தா? கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை.

14.6
கௌரியோடு படிக்கும் றலியா, கிருலப்பனையிலிருந்து நடந்தே விட்டுப்போன பாடங்களின் கொப்பிகள் கொண்டுவந்தாள். வாசலில் நின்று அழுதாள். கௌரி வகுப்புக்குள் போனதும் பேர்ணடெற் என்ற பிள்ளை "குண்டு வருது, படுங்க!" என்று கத்துமாம். எல்லோரும் தரையில் விழுந்து சிரிப்பார்களாம். என் பிள்ளை கொஞ்சம் பருமன், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தவள். இரண்டுக்கும் ஒரே சொல்.
"நானும் ஒரு நாள் படுத்தேன் ஆன்ட்டி."
அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள்.

16.6
இன்று நானே சொன்னேன், வீட்டில நில்லம்மா என்று.

18.6
நாளைக்கு அதிபரிடம் வருகிறேன் என்றேன்.
"நீங்கள் வந்தால் நக்கல் இன்னும் கூடும். நானே போறன்."

19.6
பின்னேரம் றலியா வந்து சொன்னதை எழுதிவைக்கத்தான் வேண்டும்.
இன்றும் கத்தினார்களாம், விழுந்தார்களாம். றலியா மட்டும் விழவில்லை. கௌரி நடுவில் போய் நின்று, "இப்பிடிப் படுக்கக்கூடாது" என்றாளாம். "நெஞ்சு நிலத்தில முட்டக்கூடாது. வாயைத் திறந்து, காதைப் பொத்துங்கோ. அம்மா என்ர காதைப் பொத்தினவ. அதால தன்ர காதைப் பொத்தேலாமல் போச்சு. அவவுக்கு இடப்பக்கம் கேக்காது."
"ஒருத்தரும் சிரிக்கல்ல ஆன்ட்டி," என்றாள் றலியா. "பேர்ணடெற் எழும்பவே இல்ல."
பிளேன் குண்டு போட்ட அன்று கௌரிக்கு ஏழு வயது. காய்ச்சலில் போன காது என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். எல்லாம் தெரிந்திருக்கிறது! ஏழு வருடமாக இதை எங்கே வைத்திருந்தாள்? என் வயிற்றில் பிறந்த பிள்ளைதானா? அவள் சோறு சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

7.7
இரண்டு கிழமையாகப் பள்ளிக்கூடம் ஒரு நாளும் தவறவில்லை. பேர்ணடெற் இன்னும் முகம் பார்ப்பதில்லையாம். "பாக்காட்டிப் பரவாயில்லை அம்மா."
புறப்படும்போது என் வலப்பக்கமாகச் சுற்றி வந்து, "போயிட்டு வாறன்" என்றாள். இத்தனை வருடமும் அந்தப் பக்கமாகத்தான் வந்திருக்கிறாள். இன்றுதான் கண்டேன்.